கதவும் ஒரு ஸ்பீக்கர் பெட்டிதான்!

கார் ஆடியோ கடைக்குள்ள நுழைஞ்சதும் காதுல விழற முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் வேணும் தம்பி?" என்பதுதான். அலமாரியில அடுக்கி வெச்சிருக்கிற அட்டைப்பெட்டிகள் மேல 300, 350, 400 என்று பெரிய பெரிய எண்கள். இருக்கறதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்து, அரை மணி நேரத்துல மாட்டி, பாட்டைப் போட்டுக் கேட்டால் பாடகர் குரல் பழசை விடக் கொஞ்சம் தெளிவா இருக்கும். ஆனா அந்த பேஸ் எங்கே? தபேலாவும் கிக் டிரம்மும் எங்கே போச்சு? வால்யூமை ஏத்தினா கதவுதான் 'கிர்ர்ர்'னு கூடச் சேர்ந்து பாடும். திரும்பக் கடைக்குப் போனா, "அப்போ ஆம்ப் போடணும் தம்பி" என்று அடுத்த பில் ரெடியா இருக்கும்.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. நாம இன்ஜினியரிங் படிக்கிறோம். காசு கொடுக்கறதுக்கு முன்னாடி, கதவுக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒரு தடவை யோசிக்கலாம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒண்ணே ஒண்ணுதான்: கடையில நீங்க வாங்குறது பாதி ஸ்பீக்கர். மீதிப் பாதி, அதை மாட்டப் போற கதவு. அந்த மீதிப் பாதியைக் கவனிச்சா, நடுத்தர விலை ஸ்பீக்கரே அசத்தும். அதைக் கவனிக்காம விட்டா, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதே 'கிர்ர்ர்'தான்.

ஒரு அட்டை, ஒரு ஓட்டை, ஒரு சோதனை

நம்பிக்கை வரலையா? லேப்ல பண்ணிப் பார்க்கிற மாதிரி ஒரு சோதனை இருக்கு. ஏதாவது ஒரு பழைய 4 இன்ச் அல்லது 6 இன்ச் ஸ்பீக்கரை எடுத்து, ஒரு சின்ன ஆம்ப்ல இணைச்சு, கையில பிடிச்சபடி பாட்டுப் போடுங்க. சத்தம் குறைவாவே இருக்கட்டும். குரல் கேட்கும், பேஸ் கிட்டத்தட்ட இருக்காது. இப்போ ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில இரண்டு அடிக்கு இரண்டு அடி வெட்டி, நடுவுல கோன் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, ஸ்பீக்கரை அதுல அழுத்திப் பிடிங்க. திடீர்னு பேஸ் எட்டிப் பார்க்கும். அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப், அதே பாட்டு. மாறினது ஒரு அட்டை மட்டும்தான்.

காரணம் எளிமையானது. கோன் முன்னாடி நகரும்போது முன்பக்கக் காற்று அழுந்தும். அதே நொடியில பின்பக்கக் காற்று விரியும். அதாவது முன் அலையும் பின் அலையும் நேர் எதிர். இரண்டும் சந்திச்சா ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அவ்வளவு நீளமான அலைக்கு, ஸ்பீக்கரோட விளிம்பைச் சுத்தி முன்னாடி வர்ற பத்து சென்டிமீட்டர் தூரம் ஒரு தூரமே இல்லை. உடனே வந்து முன் அலையை ரத்து பண்ணிடும். 3,000 ஹெர்ட்ஸ்ல அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான். அங்கே இந்த ரத்து அந்த அளவுக்கு நடக்காது. அதனாலதான் குரல் தப்பிக்குது, பேஸ் மாட்டிக்குது.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-ல் இன்றைய கோன் ஸ்பீக்கரின் மூதாதையை உலகத்துக்குக் காட்டினாங்க. அவங்க வடிவமைப்புலயே கோனைச் சுற்றி ஒரு தடுப்புப் பலகை இருந்தது. ஸ்பீக்கர் எவ்வளவு பழசோ, கிட்டத்தட்ட அவ்வளவு பழசு இந்தப் பாடமும்.

கதவுக்குள்ள என்னதான் இருக்கு?

வீட்டு ஸ்பீக்கருக்குக் கனமான மரப்பெட்டி கிடைக்குது. கார் ஸ்பீக்கருக்குக் கிடைக்கிற பெட்டி, கதவு. அந்தக் கதவை வெளியிலிருந்து உள்ளே பார்த்துக்கிட்டே வந்தா இந்த வரிசையில இருக்கும்: பெயின்ட் அடிச்ச வெளித் தகடு; நடுவுல கண்ணாடி இறங்குற காலி இடம்; கண்ணாடியை ஏத்தி இறக்குற அமைப்பு; ஸ்பீக்கர் உட்காரும் உள் தகடு; அதன் மேல ஒட்டின பிளாஸ்டிக் ஷீட்; கடைசியா நம்ம கை படுற டிரிம் பேனல்.

ஸ்பீக்கர் பெட்டியா பார்த்தா, இதுல மூணு பிரச்சினை.

முதலாவது, உள் தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள். கண்ணாடி மோட்டாரை ரிப்பேர் பண்ணக் கை நுழையணுமே, அதுக்காக விட்டது. பின் அலை அது வழியா நேரா உள்ளே வந்து முன் அலையைக் காலி பண்ணும். குறுக்கே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் மட்டும்தான். அது தண்ணியைத் தடுக்கும், பேஸைத் தடுக்காது.

இரண்டாவது, வெளித் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். அவ்வளவு பெரிய மெல்லிய தகடு ஒரு மேளத் தோல் மாதிரி. ஸ்பீக்கர் அடிக்கும்போது அதுவும் தன் இஷ்டத்துக்கு அதிரும். பாட்டு ஓடும்போது கதவின் வெளிப்பக்கம் உள்ளங்கையை வெச்சுப் பாருங்க. கையில உணர்ற அந்த அதிர்வு, பாட்டா மாற வேண்டிய ஆற்றல்.

மூணாவது, ஸ்பீக்கரும் உள் தகடும் சேர்ற இடத்துல இருக்கிற இடைவெளி. அளவு சரியா பொருந்தாத ஸ்பீக்கரை நாலு ஸ்க்ரூவுல இழுத்துக் கட்டினா, சுத்தி சந்து விடும். நம்ம அட்டைச் சோதனையில அட்டையை ஒரு விரல் அளவு விலக்கிப் பாருங்க. பேஸ் எப்படி இறங்குதுன்னு தெரியும்.

இன்னொரு விஷயம், கதவுக்குள்ள மழைத்தண்ணி போகும். இது பழுது இல்லை, வடிவமைப்பே அப்படித்தான். கண்ணாடி ஓரமா இறங்குற தண்ணி, கதவோட அடியில இருக்கிற சின்னச் சின்னத் துளைகள் வழியா வெளியேறிடும். அந்தத் துளைகளை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. அடைச்சா கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிச்சுத் தூக்கிப் போட்டுட்டு டிரிம்மை மூடினா, ஐப்பசி அடைமழையில காரோட தரை விரிப்பு நனையும்.

350 வாட்ஸ் எங்கிருந்து வருது?

இப்போ அந்தப் பெரிய எண்ணுக்கு வருவோம். காரோட வந்த ஸ்டீரியோவில் '50 வாட்ஸ் × 4' என்று போட்டிருக்கும். உண்மையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்ஜின் ஓடும்போது கிடைக்கிற மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் பவர்: 14.4 × 14.4 ÷ 4 = 51.8 வாட்ஸ். அட, 50 வந்துடுச்சே!

ஆனா இது எப்போ கிடைக்கும்னா, சிக்னல் முழு நேரமும் உச்சத்துல இருக்கிற சதுர அலையா இருந்தால். அதாவது பாட்டு மொத்தமா சிதைஞ்சு 'கர்ர்'னு கேட்கிற நிலையில. சுத்தமான சைன் அலைக்கு இதில் சரிபாதி, 26 வாட்ஸ். ஐ.சி.க்குள்ள ஆகிற இழப்பையும் கழிச்சா சுமார் 20 வாட்ஸ். தனி ஆம்ப் இல்லாத எந்த ஸ்டீரியோவுக்கும் நிலைமை இதுதான். பேட்டரி 12 வோல்ட் வகைதானே, ஐ.சி. அதுக்கு மேல எங்கிருந்து கொண்டு வரும்?

ஆக, கையில இருப்பது 20 வாட்ஸ். ஸ்பீக்கர் அட்டையில் இருக்கிற 350 என்பது அது ஒரு கணம் தாங்கக் கூடிய உச்சம். அது தர்ற சத்தம் இல்லை. பார்க்க வேண்டியது அதே அட்டையில் சின்ன எழுத்துல இருக்கிற இரண்டு எண்களை. ஒண்ணு, ஆர்.எம்.எஸ். வாட்ஸ். அது தொடர்ந்து தாங்கும் அளவு; 40, 50 இருந்தாலே நமக்குத் தாராளம். இன்னொண்ணு, உணர்திறன். ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல எத்தனை டெசிபல் வரும் என்பது. நமக்கு இதுதான் ஹீரோ.

3 டெசிபல் கூடினா, பவரை இரட்டிப்பாக்கின மாதிரி. 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் கொடுத்தா கிடைக்கிறது 101. 91 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே 20 வாட்ஸில் 104. முதல் ஸ்பீக்கர் இந்த 104-ஐத் தொடணும்னா 40 வாட்ஸ் வேணும். உங்க ஸ்டீரியோகிட்ட அது கிடையாது.

இதுலயும் ஒரு சின்ன ஏமாத்து உண்டு. சில கம்பெனிகள் உணர்திறனை '2.83 வோல்ட்டில்' என்று போடும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது சரியா ஒரு வாட். 4 ஓம் கார் ஸ்பீக்கருக்கு அதே வோல்ட் இரண்டு வாட்ஸ் ஆயிடும். அதனால எண் 3 டெசிபல் கூடித் தெரியும். ஒப்பிடும்போது அந்த 3-ஐக் கழிச்சிட்டுப் பாருங்க.

தீல்-ஸ்மால் அளவுருக்கள் பற்றிப் படிச்சவங்க இன்னொரு எண்ணையும் பார்க்கலாம்: கியூ.டி.எஸ். கதவு என்பது பெரிய, கசியுற பெட்டி. அதுக்கு இந்த எண் 0.5-க்கு மேல இருக்கிற ஸ்பீக்கர்கள் நல்லாப் பொருந்தும். 0.3 மாதிரி குறைவா இருந்தா அது தனிப் பெட்டிக்காகச் செஞ்சது. கதவில் பேஸ் மெலிஞ்சு கேட்கும்.

எதை வாங்குறது?

கதவு ஸ்பீக்கர்ல இரண்டு வகை. கோஆக்சியல்: பெரிய கோனுக்கு நடுவுலயே ட்வீட்டர். கம்போனன்ட்: ட்வீட்டர் தனி, கோன் தனி, நடுவுல ஒரு கிராஸ்ஓவர். 6.5 இன்ச் ஸ்பீக்கரின் கோன் விட்டம் சுமார் 13 சென்டிமீட்டர். அந்த அலைநீளம் சுமார் 2,600 ஹெர்ட்ஸில் வருது. அதுக்கு மேல போகப் போக, கோன் ஒலியை டார்ச் லைட் மாதிரி நேராத்தான் அனுப்பும். கதவு ஸ்பீக்கர் பார்க்கிறது உங்க முழங்காலை. உங்க முழங்காலுக்கு இசை ரசனை இல்லையே! அதனால ட்வீட்டரைக் கண்ணாடி மூலையில், சைடு மிரருக்கு உள்பக்கம் இருக்கிற முக்கோணத்துல வைக்கிற கம்போனன்ட் வகையில் பாட்டு டாஷ்போர்டு மேல இருந்து வர்ற மாதிரி இருக்கும். உங்க காரில் அந்த இடத்துல ஏற்கெனவே ட்வீட்டர் இருந்தா கம்போனன்ட் சுலபம். இல்லைன்னா கோஆக்சியல் போதும், வேலை பாதி.

பழைய ட்வீட்டரை வெச்சுக்கிட்டு கதவு ஸ்பீக்கரை மட்டும் மாத்தறவங்களுக்கு ஒரு குறிப்பு: ட்வீட்டர் வயரில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். 4 ஓம் ட்வீட்டருக்கு 10 மைக்ரோஃபாரட் போட்டா சுமார் 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருப்பதைத் தடுக்கும். கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துக்கலாம். அதைத் தேவையில்லாத உதிரின்னு நினைச்சு வெட்டி எறிஞ்சா, அடுத்த பாட்டுலயே ட்வீட்டர் கருகிடும்.

வாங்கும் முன்னாடி மூணு அளவு எடுங்க: விட்டம், ஸ்க்ரூ துளைகளுக்கு இடையே உள்ள தூரம், ஆழம். ஆழத்தைக் கண்ணாடியை முழுசா கீழே இறக்கி வெச்சுட்டுத்தான் அளக்கணும். மேலே இருக்கும்போது அளந்துட்டு மாட்டினா, முதல் டோல் கேட்ல கண்ணாடியை இறக்கும்போது காந்தத்துல இடிக்கும். கோன் பாலிபுரொப்பிலீனா இருந்தா நல்லது, கதவுக்குள்ள இருக்கிற ஈரத்தைத் தாங்கும்.

பட்ஜெட்டுக்கு ஒரு எளிய விதி: கையில 6,000 ரூபாய் இருந்தா, ஸ்பீக்கருக்கு 3,500-க்கு மேல போகாதீங்க. மீதி கதவுக்கு. பின் கதவுகளை இப்போதைக்கு மறந்துடுங்க. முன்னாடி இரண்டு கதவை ஒழுங்கா பண்ணுறது, நாலு கதவை அரைகுறையா பண்ணுறதை விட எவ்வளவோ மேல்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி: ஏர்பேக்

இந்தப் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீங்க. பாட்டு நல்லா கேட்கலைன்னா ஒண்ணும் ஆகிடாது. இது அப்படி இல்லை.

பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில கார்களில் முன் கதவுக்குள்ள ஒரு அழுத்த சென்சார் இருக்கும். பக்கத்துல இருந்து வண்டி வந்து மோதினா வெளித் தகடு உள்ளே அமுங்கும். கதவுக்குள்ள இருக்கிற காற்றின் அழுத்தம் சட்டுனு ஏறும். அதை அளந்துதான் ஏர்பேக் விரியணுமா வேண்டாமான்னு கன்ட்ரோல் யூனிட் முடிவு பண்ணும், கண் இமைக்கிறதை விடக் குறைஞ்ச நேரத்துல. அந்த அளவீடு, கதவில் எங்கெங்கே எவ்வளவு ஓட்டை இருக்குன்னு கம்பெனி வெச்ச கணக்கை நம்பி இருக்கு. நீங்க புதுசா ஓட்டை வெட்டினாலும், இருக்கிற ஓட்டையை அடைச்சாலும், பிளாஸ்டிக் ஷீட்டை ஒழுங்கா ஒட்டாம விட்டாலும் அந்தக் கணக்கு மாறிடும்.

அதனால முதல்ல காரோட கையேட்டில் ஏர்பேக் பகுதியைப் படிங்க. சென்சார் எங்கே இருக்குன்னு சந்தேகமா இருந்தா சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. கதவுக்குள்ள அழுத்த சென்சார் இருக்குன்னு தெரிஞ்சா, கதவை அடைக்கிற வேலையே வேண்டாம். அதே அளவு ஸ்பீக்கரை அதே இடத்துல, ஃபோம் கேஸ்கெட்டோட மாட்டி, ஷீட்டை இருந்தபடியே திருப்பி ஒட்டிட்டு நிறுத்திக்கங்க. அந்த அளவிலேயே கணிசமான முன்னேற்றம் கிடைக்கும். அப்பாவும் அம்மாவும் உட்கார்ற காரில், இரண்டு டெசிபல் பேஸுக்காக இதுல விளையாட வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். மஞ்சள் நிற வயர் அல்லது கப்ளர் பெரும்பாலும் ஏர்பேக் சர்க்யூட், தொடவே கூடாது. வேலைக்கு முன்னாடி பேட்டரியோட நெகட்டிவ் முனையைக் கழட்டி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்க. பேட்டரி கழட்டினா சில ஸ்டீரியோ கோடு கேட்கும். அதை முன்கூட்டியே எழுதி வெச்சுக்கங்க. கப்ளர்கள் கழன்று கிடக்கும்போது இக்னிஷனை ஆன் பண்ணாதீங்க, எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பிச்சிடும்.

வேலை வரிசை

அழுத்த சென்சார் இல்லாத சாதாரண ஹேட்ச்பேக் என்று வெச்சுக்குவோம். முதல் கதவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்க. இரண்டாவது கதவு அரை நாள்ல முடிஞ்சிடும்.

1. டிரிம் பேனலைக் கழட்டுதல். கைப்பிடிக்குப் பின்னாடியும், கை வைக்கிற குழிக்குள்ளயும் சின்ன மூடிகளுக்கு அடியில ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும். எல்லாத்தையும் எடுத்த பிறகு, பிளாஸ்டிக் நெம்புகோலால கீழ் ஓரத்துல இருந்து நெம்புங்க. க்ளிப்புகள் 'டப் டப்'னு விடும். இரண்டு மூணு உடையத்தான் செய்யும். அதே மாடல் க்ளிப் பத்து முன்னாடியே வாங்கி வெச்சுக்கங்க. பேனல் விட்டதும் வெடுக்குனு இழுக்காதீங்க. பின்னாடி கண்ணாடி ஸ்விட்ச்சோட கப்ளரும், லாக் கேபிளும் தொங்கிக்கிட்டு இருக்கும். ஒவ்வொரு கட்டத்துலயும் போன்ல ஒரு படம் எடுத்துடுங்க.

2. ஷீட்டை விலக்குதல். அதை ஒட்டியிருக்கிற கறுப்புப் பசை பியூட்டைல். கையில, சட்டையில, தலைமுடியில எல்லாம் ஒட்டும். மெதுவா கத்தியால அறுத்துக்கிட்டே வந்தா ஷீட் கிழியாம வரும்.

3. வெளித் தகட்டுக்கு டேம்பிங். ஓட்டை வழியா கைவிட்டு வெளித் தகட்டின் உள்பக்கத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால துடைங்க. அலுமினியம் பூசின பியூட்டைல் ஷீட்டை பெரிய தட்டையான பகுதிகளின் நடுவுல ஒட்டி, சின்ன ரோலரால அழுத்துங்க. தகடு வளையும்போது நடுவுல மாட்டிக்கிட்ட பியூட்டைல் அறுபட்டு இழுபட்டு, அதிர்வை வெப்பமா மாத்திடும். முழுக் கதவையும் மூட வேண்டிய அவசியமே இல்லை; மூணில் ஒரு பங்கு பரப்பு போதும். விரல் முட்டியால தட்டிப் பாருங்க: முன்னாடி 'டங்'னு கேட்டது இப்போ 'டப்'னு கேட்டா வேலை முடிஞ்சது. மலிவா கிடைக்குதேன்னு மொட்டை மாடிக்கு ஒட்டுற தார் ஷீட்டை மட்டும் வாங்காதீங்க. சித்திரை வெயில்ல உருகி வழியும், கார் முழுக்கத் தார் வாசனை வரும்.

4. பெரிய ஓட்டைகளை அடைத்தல். இதுக்கு விறைப்பான பொருள் வேணும்: மெல்லிய அலுமினியத் தகடு அல்லது பிளாஸ்டிக் ஷீட். ஓட்டையை விட இரண்டு சென்டிமீட்டர் பெரிசா வெட்டி, பியூட்டைல் கயிற்றாலயும் சின்ன ஸ்க்ரூவாலயும் பொருத்துங்க. நாளைக்குக் கண்ணாடி மோட்டார் பழுதானா கழட்ட முடியணும். அதனால நிரந்தரமா ஒட்டிடாதீங்க. லாக் கம்பிகள், கேபிள், கண்ணாடி ஓடுற பாதை எதுலயும் இடிக்காம பார்த்துக்கங்க. பிறகு பழைய பிளாஸ்டிக் ஷீட்டை அதன் மேலயே திருப்பி ஒட்டிடுங்க. தண்ணி வேலையை அது பார்த்துக்கும்.

5. வளையம். புது ஸ்பீக்கர் நேரா பொருந்தாதபோது நடுவுல ஒரு வளையம் தேவைப்படும். பச்சை எம்.டி.எஃப். ஈரத்துல ஊறி உப்பிடும். காய்கறி வெட்டுற வெள்ளை பிளாஸ்டிக் பலகையை வட்டமா அறுத்தா அருமையான வளையம் கிடைக்கும். கல்லூரியில 3டி பிரிண்டர் இருந்தா அதுலயே அச்சடிக்கலாம், ஆனா பி.எல்.ஏ. வேண்டாம். அது 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளக ஆரம்பிக்கும். வெயில்ல நிக்கிற கார் கதவுக்கு ஏ.பி.எஸ். போடுங்க. வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவுல ஃபோம் டேப் கட்டாயம். ஸ்பீக்கரோட முன் விளிம்புலயும் ஒரு ஃபோம் வளையம் ஒட்டினா, ஒலி டிரிம்முக்குப் பின்னாடி சிதறாம நேரா கிரில் வழியா வெளியே வரும்.

6. வயரிங். கம்பெனி வயரை வெட்டாதீங்க. உங்க கார் மாடலுக்கான ஸ்பீக்கர் கப்ளர் கிடைக்கும். அதை வாங்கி மாட்டினா நாளைக்குப் பழைய ஸ்பீக்கரைத் திருப்பி வைக்கலாம், வாரண்டி தகராறும் வராது. "வயரும் மாத்தணும்" என்று யாராவது சொன்னா இந்தக் கணக்கைக் காட்டுங்க: 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், போக வர 8 மீட்டர். மின்தடை சுமார் 0.28 ஓம். இழப்பு 0.6 டெசிபல். அது காதுக்குத் தெரியறதே கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை: ஸ்பீக்கரோட மைனஸ் வயர் 'எர்த்' இல்லை. இந்த ஸ்டீரியோக்களில் இரண்டு முனையுமே பேட்டரி மின்னழுத்தத்தின் பாதியில், அதாவது சுமார் 7 வோல்ட்டில் நிற்கும். அதை பாடியில தொட்டா ஐ.சி. போயிடும்.

பிளஸ், மைனஸ், பிறகு காது

இடது ஸ்பீக்கர் முன்னாடி தள்ளும்போது வலது பின்னாடி இழுத்தா என்ன ஆகும்? அதே பழைய கதைதான்: பேஸ் ரத்து. எந்த வயர் பிளஸ்னு தெரிய ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும். ஸ்டீரியோ பக்கம் கப்ளர் கழட்டியிருக்கும்போது, கதவு ஸ்பீக்கர் வயரில் ஒரு கணம் தொட்டு எடுங்க. கோன் வெளியே வந்தா, பேட்டரி பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ். இரண்டு கதவுலயும் பண்ணுங்க. தனி ட்வீட்டர்ல மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

டிரிம்மை மூடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் மாட்டி, கண்ணாடியை முழுசா ஏத்தி இறக்குங்க. லாக், உள் கைப்பிடி, வெளிக் கைப்பிடி மூணும் வேலை செய்யுதா பாருங்க. பிறகு போன்ல ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியைப் போட்டு, மிதமான சத்தத்துல 40-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவா ஏத்துங்க. ஏதாவது ஒரு இடத்துல 'கிர்ர்' வரும். கையால ஒவ்வொரு பாகமா அழுத்திப் பார்த்தா குற்றவாளி சிக்கிடும்: பெரும்பாலும் ஒரு தளர்ந்த வயர், லாக் கம்பி, இல்லைன்னா நம்பர் பிளேட். ஒரு துண்டு ஃபோம் வெச்சா முடிஞ்சது.

இதை ஒரு மினி புராஜெக்ட் ஆக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு யோசனை. புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரி பாகக் கடைகள்ல ஒரு பழைய கார் கதவு வாங்குங்க. ஒண்ணுமே பண்ணாத கதவு, டேம்பிங் மட்டும் போட்ட கதவு, ஓட்டையும் அடைச்ச கதவு என்று மூணு நிலையிலும் ஒரே ஸ்பீக்கர், ஒரே வால்யூம், ஒரே இடத்துல போன் மைக் வெச்சு அளந்து வரைபடம் போடுங்க. போன் மைக்குக்கு அடிமட்ட பேஸ் சரியா கேட்காது. ஆனா ஒரே மைக்கால எடுத்த மூணு அளவையும் ஒப்பிடத் தடை இல்லை. 100 ஹெர்ட்ஸை ஒட்டின பகுதியில மூணு கோடும் எப்படிப் பிரியுதுன்னு பாருங்க. வைவாவில் கேட்கிற கேள்விக்கெல்லாம் அந்த ஒரு வரைபடம் பதில் சொல்லும்.

கதவு ஸ்பீக்கரால எல்லாம் முடியாது என்பதையும் சொல்லிடணும். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழ நெஞ்சுல குத்துற பேஸ் வேணும்னா அதுக்கு சப்வூஃபர்தான் வழி. ஆனா முதல்ல இந்த வேலையை முடிச்சுட்டு ஒரு மாசம் கேளுங்க. பலருக்கு அதுக்கப்புறம் அந்த ஆசையே வராது.

இந்த வாரக் கடைசியில காசு எதுவும் செலவு பண்ண வேண்டாம். காரை நிறுத்தி, பேஸ் உள்ள ஒரு பாட்டைப் போட்டு, வெளியே இறங்கி, கதவைச் சாத்திட்டு அது மேல உள்ளங்கையை மட்டும் வெச்சுப் பாருங்க. கை அதிர்ந்தா, எங்கே வேலை பாக்கி இருக்குன்னு கதவே சொல்லிடும். அடுத்த தடவை கடையில "எத்தனை வாட்ஸ் தம்பி?" என்று கேட்டா, "உணர்திறன் எவ்வளவுண்ணே?" என்று திருப்பிக் கேளுங்க.